கிறிஸ்துமஸ் மேஜை நடுவில் ஒரு கடலை மிட்டாய் மரம்

கிறிஸ்துமஸ் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, தின்ன முடியாத எதையும் வைக்காதீர்கள் என்பதுதான். தெர்மாகோல் பனி, பிளாஸ்டிக் இலை, ஜிகினாத் தூள் எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எதற்கு? திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் டிசம்பர் பிறந்தாலே அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் டின் டின்னாகச் சுட்டு வைக்கிறோம். அந்தப் பலகாரத்தைக் கொண்டே மேஜை நடுவில் ஒரு மரத்தையும், அதன் அடியில் ஒரு சின்னத் தோட்டத்தையும் எழுப்பிவிடலாம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு மூத்தவர் மரத்தைத் தட்டி உடைப்பார். அதன் வயிற்றுக்குள்ளிருந்து கலகலா, அதாவது கட்டம் கட்டமாக வெட்டிப் பொரித்த மாவுப் பலகாரம், கொட்டும். பிள்ளைகள் அதற்காகவே பிரியாணியைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

மரம் என்பது வேறொன்றுமில்லை, கூம்பாக வார்த்த கடலை மிட்டாய். கல்யாண வீடுகளில் மணமேடையில் ஜோடியாக வைக்கும் பருப்புத் தேங்காயைப் பார்த்திருப்பீர்கள். அதை வார்க்கும் கூம்பு அச்சுக்குக் கூடு என்று பெயர். எங்களுக்கு முதலில் கூடு கொடுத்தது எதிர் வீட்டு மாமி. இப்போது சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கிறேன். பாத்திரக் கடைகளில் தகரத்திலும் எவர்சில்வரிலும் கிடைக்கும். 9 அங்குல உயரமும் 4 அங்குல வாயும் உள்ள கூடு மேஜைக்குப் போதும். அதற்கு மேல் உயரம் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். நமக்கு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். குளிர்காலக் காற்று காய்ந்திருக்கும் நாட்டில் பிஸ்கட் வீடு கட்டி வாரக்கணக்கில் மேஜையில் வைத்திருக்கலாம். இங்கே காற்றிலேயே ஈரம். சீனியும் வெல்லமும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் மொறுமொறுவென்று இருந்தது சாயங்காலம் கையில் ஒட்டும். அதனால் மேஜையை ஜோடிக்கிற யோசனை முழுவதுமே ஈரத்தைத் தள்ளி வைக்கிற யோசனைதான். எதை எப்போது செய்வது, எது எதன் பக்கத்தில் இருக்கலாம், எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம், எல்லாம் இதிலிருந்தே வரும். முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிப்பது 21-ஆம் தேதி, பொரிப்பது மறுநாள். அச்சு முறுக்கும் கலகலாவும் 23. மரம் வார்ப்பது 24 சாயங்காலம். எல்லாவற்றையும் மேஜையில் கூட்டி வைப்பது 25 அன்று, விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். எந்த வேலையை முன்பின் மாற்றினாலும் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மரத்துக்கு 300 கிராம் நிலக்கடலை, 200 கிராம் வெல்லம். மழை விடாமல் பெய்கிற வருஷமென்றால் 150 கிராம் வெல்லமும் 50 கிராம் சீனியுமாக மாற்றிக்கொள்வேன். வெல்லத்தில் சீனிச் சத்தோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கின்றன. அவை சீனியை விட வேகமாக ஈரத்தை இழுக்கும். கால் பங்கு வெள்ளைச் சீனி சேர்ந்தால் மரம் இன்னும் கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும். அதற்கு மேல் சீனி போட்டால் வெல்லத்தின் வாசனை போய்விடும், அது எனக்குச் சம்மதமில்லை.

கடலையை மணலிலோ வெறும் சட்டியிலோ நிதானமாக வறுத்து, சூடு ஆறியதும் தேய்த்துத் தோலைப் போக்கி, சுளகில் புடைத்து எடுங்கள். பருப்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். முழுக் கடலைகளுக்கு நடுவில் சந்து விழும், அந்த இடத்தில் மரம் பலவீனமாகிவிடும். பிளந்த பருப்பு ஒன்றன்மேல் ஒன்று படிந்து சுவர் மாதிரி இறுகும். அப்புறம் கடலையை மறுபடி இளஞ்சூடாக்கி, சூட்டிலேயே மூடி வைத்திருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஆறிப்போன கடலையில் பாகை ஊற்றினால் கிளறி முடிப்பதற்குள் கட்டியாகிவிடும், கூட்டுக்குள் அடைக்க நேரமே கிடைக்காது.

கூட்டின் உட்பக்கம் நெய் தடவி, பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். அந்தப் பேப்பரிலும் நெய் தடவ வேண்டும். கூட்டை நுனி கீழே இருக்கும்படி ஒரு கனமான சொம்பில் நிறுத்தி வையுங்கள். கூடு கிடைக்காதவர்கள் கெட்டியான சார்ட் அட்டையைக் கூம்பாக்கி, வெளியே நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே இரண்டு சுற்று பட்டர் பேப்பர் வைத்து வார்க்கலாம்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து அரிப்பில் வடிகட்டுங்கள். மண் கட்டாயம் இருக்கும். அடிகனமான சட்டியில் மறுபடி கொதிக்க விடுங்கள். பாகு பொங்கி, நுரை பெரிதாகி, பிறகு நுரை சின்னதாகிக் கனமாகக் கொப்பளிக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உருட்ட வந்தால் அது அதிரசத்துக்கு உள்ள பதம், நமக்குப் போதாது. உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கல் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டாமல் பட்டென்று உடைய வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 145 டிகிரி செல்சியஸ் தாண்டி 150-ஐத் தொடுவதற்குள் இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் வெல்லம் கசக்கும். இந்தப் பதத்தில் பாகில் தண்ணீர் அநேகமாக இல்லை. மரம் நிற்பதும் சரிவதும் அதில்தான் இருக்கிறது. இளம்பாகில் வார்த்த மரம் மறுநாள் மத்தியானமே ஒரு பக்கமாகக் குனிந்துவிடும்.

இதே மண்ணின் பக்குவம்தான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நல்ல கடலை மிட்டாயை வாங்கி, உடைத்துப் பார்த்து, மென்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனால் எந்தப் பதம் வேண்டும் என்று பல்லுக்கே தெரிந்துவிடும்.

பாகு வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் ஏலக்காய்த்தூளும் போட்டு, சூடான கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிளறிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கூட்டில் அடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கிளறுவது நான், அடைப்பது அத்தை. 'கையை எடு, நான் அமுக்குதேன்' என்று அவர் சொல்கிற அந்த இரண்டு நிமிஷத்தில் யாரும் அடுப்படிக்குள் வரக்கூடாது, பிள்ளைகள் கட்டாயம் வரக்கூடாது. கொதிக்கிற பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் நுனியில் இரண்டு கரண்டி போட்டு, கரண்டிக் காம்பால் நன்றாகக் குத்தி அடையுங்கள். நுனி கெட்டியாக இருந்தால்தான் அதன் மேல் அச்சு முறுக்கு நட்சத்திரம் நிற்கும். அதற்கு மேல் கல்யாணத்துக்குச் செய்வது போல முழுக்க நிரப்ப வேண்டாம். முழுக்க நிரப்பினால் மேஜையில் உடைக்கவே முடியாது. கரண்டியின் முதுகில் நெய் தடவி, கலவையை ஓரமாக ஏற்றி ஏற்றி அரை அங்குலக் கனத்துக்குச் சுவர் எழுப்புங்கள், நடுவில் குழி இருக்கட்டும். கொஞ்சம் ஆறியதும் கையில் பச்சரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாக அமுக்கலாம். நடுவில் கலவை இறுகிவிட்டால் சட்டியைச் சிறு தீயில் காட்டினால் இளகிவிடும். மீந்ததைத் தட்டில் பரப்பி உடைத்து வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துக்குக் கல்லாக உதவும்.

ஒரு மணி நேரம் தொடாமல் ஆற விட்டு, கூட்டைக் கழற்றி, பேப்பரோடு சேர்த்து ஒரு பெரிய தகர டின்னில் வைத்து மூடுங்கள். பிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்த நிமிஷம் மேலெல்லாம் வியர்த்து, மரம் பிசுபிசுத்துப் போகும்.

அச்சு முறுக்குக்கு வருவோம். 2 கப் பச்சரிசி மாவு, அரை கப் பொடித்த சீனி, 1 முட்டை, கெட்டியான தேங்காய்ப்பால் ஒரு கப் அளவில், ஒரு ஸ்பூன் கறுப்பு எள், உப்பு ஒரு சிட்டிகை. அச்சில் மெலிதாகப் படிகிற அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். புது அச்சென்றால் முந்தின நாளே எண்ணெயில் போட்டு வையுங்கள். பொரிக்கும்போது அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டு வராது. சீனியைக் கூட்டினால் சீக்கிரம் சிவந்து, ஒட்டவும் செய்யும். ஜோடனைக்கு வெளிறிய பொன் நிறமே அழகு, அதனால் தீ மிதமாகவே இருக்கட்டும். முட்டை சேர்க்காத வீடுகளில் கொஞ்சம் மைதாவும் கூடுதல் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யலாம், ஆனால் அவை சற்று முரடாக வரும். எல்லாவற்றிலும் நல்ல வடிவமாக வந்த ஒன்றை மரத்து உச்சிக்கு நட்சத்திரமாக எடுத்துத் தனியே வையுங்கள். உடையாமல் வந்த இன்னொரு பத்துப் பன்னிரண்டு வேண்டும். மற்றதெல்லாம் வழக்கம் போலத் தின்பதற்கு.

கலகலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பக்குவம் இருக்கும். மரத்தின் வயிற்றுக்குள் போவதால் கட்டங்களைச் சிறிதாக வெட்டுங்கள். எண்ணெய் நன்றாக வடிந்திருக்க வேண்டும்.

முந்திரிக்கொத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது நாகர்கோவில் மதினி. மேஜை ஜோடனைக்கென்றே பிறந்த பலகாரம் அது. மூன்று உருண்டைகளைச் சேர்த்துச் சேர்த்துப் பொரிப்பதால் திராட்சைக் குலை போலத்தான் இருக்கும். அரைக்கிலோ சிறுபயற்றை மணம் வருகிற வரை வறுத்து, தோல் போக உடைத்துப் புடைத்து, கொஞ்சம் கொரகொரப்பாக மாவாக்குங்கள். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் போய்ச் சிவக்கிற வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நாலு நாளில் காறல் வாடை வந்துவிடும். 50 கிராம் வறுத்த எள், ஏலம், சுக்கு. 400 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ கம்பிப் பதமாகக் காய்ச்சி, எல்லாவற்றையும் சேர்த்து, சூடு பொறுக்கும்போதே சிறு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். உருண்டைகள் ஒரு ராத்திரி கிடந்து இறுகட்டும். மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுத் தோசை மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கி ஒட்டினாற்போல எண்ணெயில் விடுங்கள். மஞ்சள் கூடிவிட்டால் கசக்கும், கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். மேலே மாவுத் தோல் இருப்பதால் நம் தோட்டத்திலேயே ஈரத்தை அதிகம் தாங்குவது இதுதான். மேஜையின் வெளி ஓரத்தில் இதைத் தைரியமாக வைக்கலாம்.

மக்ரூனை மட்டும் கடையிலேயே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். முட்டை வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து அடித்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர வைப்பது அது. மழை ஈரத்தில் வீட்டு அவனில் உலர்த்தி எடுப்பது பெரிய பாடு. தூத்துக்குடி பேக்கரிகளில் அதற்கென்றே கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாமில் செய்வார்கள். போர்த்துக்கீசியர் 1530-களிலேயே முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு, வந்து சேர்ந்தவர்கள். முந்திரி மரத்தையும் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்களே. அந்தக் கரையில் பாதாமின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. நுனி கூர்ந்த வெள்ளை மக்ரூன்கள் நம் பெரிய மரத்தின் காலடியில் நின்றால் பனி மூடிய குட்டி மரங்கள்தான். கால் கிலோ போதும். பாக்கெட்டைக் கடைசி நிமிஷத்தில் பிரியுங்கள்.

25 அன்று மேஜைக்கு வருவோம். ஒரு அகலமான மரத் தட்டோ தாம்பாளமோ எடுங்கள். வாழையிலை விரிக்க ஆசையாக இருந்தால் இரண்டு பக்கமும் துணியால் ஒற்றி, மேலே பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள், இலையின் ஈரம் பலகாரத்தைத் தொடக்கூடாது. மரத்தைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றில் கலகலாவையும் வறுத்த முந்திரியையும் நிரப்பி, வாயில் ஒரு சின்னத் தட்டை வைத்துப் பொத்தி, திருப்பி நடுவில் நிறுத்துங்கள். தட்டை மெதுவாக உருவிவிடலாம். ஒரு கரண்டி சீனியைச் சட்டியில் உருக்கி, அதை நுனியில் ஒரு பொட்டு வைத்து, எடுத்து வைத்த அச்சு முறுக்கை நிமிர்த்தி ஒட்டுங்கள். இறுகும்வரை கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பாகிலேயே பிஸ்தாப் பருப்பையும் காய்ந்த திராட்சையையும் மரத்தில் அங்கங்கே ஒட்டலாம். ரொம்ப ஒட்டாதீர்கள். கடலையின் பழுப்பு நிறம் தெரிந்தால்தான் அது நம் மரம்.

மரத்தைச் சுற்றி அச்சு முறுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வட்டமாக அடுக்குங்கள். அதற்கு வெளியே மக்ரூன்கள், இடையிடையே கடலை மிட்டாய்த் துண்டுகள், ஓரத்தில் முந்திரிக்கொத்துக் குலைகள். பனிக்கு உலர்ந்த கொப்பரைத் துருவல் தூவுங்கள். பொடித்த சீனி தூவினால் நம் ஊர்க் காற்றில் அரை மணியில் கரைந்து ஈரத் திட்டாகிவிடும். பழங்கள் வேண்டுமென்றால் தனித் தட்டில் வைக்கலாம். மாதுளையும் வெட்டிய ஆரஞ்சும் மரத்தைத் தொட்டால் மரம் போச்சு. பிளம் கேக்கின் மேல் மரத்தை நிறுத்தலாமா என்று மதினி வீட்டில் கேட்டார்கள். வேண்டாம், கேக்கின் ஈரத்தில் அடி இளகிவிடும்.

பூ வைக்கிறவர்கள் கவனியுங்கள். அரளி எவ்வளவு அழகாக இருந்தாலும் சாப்பாட்டு மேஜைக்கு வரக்கூடாது, பூ, இலை, காம்பு எல்லாமே விஷம். கடையில் வாங்கும் ரோஜாவும் மருந்தடித்ததுதான், பலகாரத்தின் மேல் போடாதீர்கள். மரத்துக்குள் பல்குத்தும் குச்சியோ கம்பியோ சொருகவே வேண்டாம். பிள்ளைகள் பார்க்காமல் கடிப்பார்கள். மெழுகுவர்த்தி ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். நிலக்கடலையும் முந்திரியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் விருந்துக்கு வருகிறார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் இந்த மரம் அந்த வருஷம் வேண்டாம், அச்சு முறுக்கையும் கலகலாவையும் வைத்தே தட்டை நிறைக்கலாம்.

அப்புறம் எறும்பு. மேஜையின் நாலு கால்களுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்துவிடுங்கள். மேஜை விரிப்பு தரையைத் தொடக்கூடாது, நாற்காலியும் மேஜையை உரசிக்கொண்டு நிற்கக்கூடாது. எறும்புக்கு ஒரு நூல் பாலம் போதும். மின்விசிறி ஓடட்டும், ஆனால் ஜன்னலைச் சாத்துங்கள், வெளியே மழை என்றால் கட்டாயம் சாத்துங்கள்.

உடைப்பதற்குக் கனமான கரண்டியின் முதுகு போதும். பாதி உயரத்தில் தட்டினால் சுவர் பிளந்து கலகலா தட்டிலேயே கொட்டும், உச்சியில் தட்டினால் துண்டுகள் தெறிக்கும். அதற்கு முன் யாராவது ஒருவர் நட்சத்திரத்தைக் கழற்றிக் கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அது கடைக்குட்டிக்கு.

மீந்ததை அன்று ராத்திரியே, மேஜையைத் துடைப்பதற்கு முன், வகை வகையாகத் தனித்தனி டின்னில் போட்டு மூடுங்கள். மக்ரூனையும் அச்சு முறுக்கையும் ஒரே டின்னில் போட்டால் இரண்டும் நமத்துவிடும். கடலை மிட்டாய்த் துண்டுகளில் நல்லவையாகப் பார்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் பலகாரத் தட்டில் வையுங்கள். எதிர் வீட்டு மாமிக்கு முட்டை சேராத துண்டுகளைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அச்சு முறுக்குப் பக்கமே போகாமல் இருக்க, அவருடைய பங்கை மரம் வார்த்த அன்றே மீந்த கலவையிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் வைத்துவிடுவேன். சின்னச் சின்ன உடைசல்கள் 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து வந்து குடிக்கிற சுக்குக் காப்பிக்கு ஆகும்.